ஜெர்மனியில் பள்ளிக் கோடை விடுமுறை: நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலைக்காக ஜெர்மனி வந்து, பிள்ளைகளை இங்கே பள்ளியில் சேர்த்த தமிழ்க் குடும்பங்கள் வசந்தம் பிறந்ததும் கேட்கத் தொடங்கும் கேள்விகள் இவை. எங்கள் வீட்டு அனுபவத்தையும் அக்கம்பக்கத்தில் பார்த்ததையும் வைத்து எழுதியிருக்கிறேன். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம், சில சமயம் ஊருக்கு ஊர் மாறும்.

தோழி வீட்டுப் பிள்ளைகளுக்கு விடுமுறை முடியப்போகிறது, எங்களுக்கு அப்போதுதான் தொடங்குகிறதே, ஏன்?

எல்லா மாநிலத்துக்கும் சுமார் ஆறு வாரம்தான். ஆனால் 16 மாநிலங்களும் ஒரே நாளில் பள்ளியை மூடினால் நாட்டிலுள்ள கார் எல்லாம் ஒரே நாளில் நெடுஞ்சாலைக்கு வந்துவிடும், விடுதிகளிலும் இடம் கிடைக்காது. அதனால் ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் நடு வரை பிரித்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான மாநிலங்களின் தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு முன்னே பின்னே நகரும். பவேரியாவும் பாடன் வுர்ட்டம்பெர்கும் மட்டும் எப்போதும் கடைசி வரிசையில். தேதிகள் பல ஆண்டுகளுக்கு முன்பே வெளியாகிவிடுகின்றன. வேறு மாநிலத்தில் இருக்கும் உறவினரோடு சேர்ந்து எங்காவது போக நினைத்தால், இரண்டு காலண்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

நான்கு நாள் முன்னதாகக் கிளம்பினால் டிக்கெட் பாதி விலை. பள்ளியில் சொல்லாமல் போகலாமா?

கூடாது. இங்கே பள்ளிக்குப் போவது சட்டக் கடமை. காரணமில்லாமல் பிள்ளையை நிறுத்தினால் பெற்றோருக்கு அபராதம் வரலாம், தொகை மாநிலத்தைப் பொறுத்தது. 2018-ல் பெந்தெகொஸ்தே விடுமுறைக்கு முன்பு பவேரிய விமான நிலையங்களில், பள்ளி வயதுப் பிள்ளைகளோடு வந்த குடும்பங்களைப் போலீசார் நிறுத்தி விசாரித்தது நாடெங்கும் பேச்சானது. நெருங்கிய உறவில் கல்யாணம், சாவு போன்ற காரணம் இருந்தால் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். மலிவான டிக்கெட்டைக் காரணமாக ஏற்க மாட்டார்கள். கடைசி நாளில் திடீரென்று காய்ச்சல் என்று சொன்னால் டாக்டர் சான்றிதழ் கேட்பார்கள், அந்தக் காய்ச்சல் அவர்களுக்குப் பழக்கமானதுதான்.

ஆறு வாரத்துக்கும் ஊருக்குப் போய்விடலாமா?

போகலாம். ஆனால் ஒரு சின்னக் கணக்கு. வாரம் ஐந்து நாள் வேலைக்குச் சட்டப்படி ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் விடுப்பு. பல நிறுவனங்களில் 30 வரை தருகிறார்கள். ஆறு வாரம் என்றால் 30 வேலை நாள். அப்படியே எடுத்துவிட்டால் கிறிஸ்துமஸுக்கு எதை எடுப்பது?

இதைவிடப் பெரிய சங்கடம் வேறு. நம் ஊரில் பள்ளி ஜூனிலேயே திறந்துவிடும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் அத்தை பிள்ளை, மாமா பிள்ளை எல்லோரும் காலை யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மாலை வந்ததும் டியூஷன். நம் பிள்ளை தாத்தா வீட்டுக் கூடத்தில் டிவி ரிமோட்டோடு சாயங்காலத்துக்காகக் காத்திருக்கும். எனக்குத் தோன்றுவது: மூன்று வாரம் அங்கே, மூன்று வாரம் இங்கே. ஊரில் இருக்கும் நாட்களில் சனி, ஞாயிறு அதிகம் விழும்படி டிக்கெட் போடுங்கள். பாட்டிக்கு மூன்று வாரம் போதாதுதான், அதற்கு நான் பதில் வைத்திருக்கவில்லை.

சரி, இங்கே இருக்கும் வாரங்களில் முதலில் எதற்கு ஏற்பாடு செய்வது?

நீச்சல். மற்றதெல்லாம் அப்புறம்.

இந்த ஊர்ப் பிள்ளைகளின் கோடை தண்ணீரைச் சுற்றித்தான் நடக்கிறது. பிறந்தநாள் விருந்து நீச்சல் குளத்தில், முகாம் ஏரிக்கரையில். பள்ளியிலும் பொதுவாக மூன்றாம் வகுப்பு வாக்கில் நீச்சல் பாடம் வந்துவிடும். நீந்தத் தெரியாத பிள்ளை கரையில் துண்டோடு உட்கார்ந்திருக்கும். எங்கள் தெருவில் ஜெர்மன் மொழி வராமல் தவித்த பிள்ளைகள்கூடத் தண்ணீரில் இறங்கிய பிறகு நண்பர்களைப் பிடித்துவிட்டார்கள். நீந்தத் தெரியாதவர்களுக்குத்தான் கோடை நீண்டுகொண்டே போனது.

முதல் படிக்குப் பெயர் 'ஸேஃபேர்ட்ஷென்', கடல்குதிரை. குளத்தின் விளிம்பிலிருந்து குதிக்க வேண்டும், 25 மீட்டர் நீந்த வேண்டும், தோளளவு தண்ணீரில் கிடக்கும் வளையத்தைக் கையால் எடுக்க வேண்டும், குளத்து விதிகள் சிலவற்றைச் சொல்லத் தெரிய வேண்டும். தேறினால் கடல்குதிரை போட்ட ஒரு சின்னத் துணிச் சின்னம் கிடைக்கும். அதை நீச்சலுடையில் தைத்துக்கொள்வது பிள்ளைகளிடம் பெரிய கௌரவம். வாங்கி வந்த அன்றைக்கே ஊசி நூல் எடுக்கச் சொல்வார்கள். எந்த இடத்தில் தைப்பது என்று ஒரு பஞ்சாயத்தும் நடக்கும்.

பல பெற்றோர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். கடல்குதிரை வாங்கிய பிள்ளைக்கு நன்றாக நீந்தத் தெரியும் என்று அர்த்தமில்லை. ஜெர்மன் உயிர்காப்புச் சங்கமான டிஎல்ஆர்ஜி, அடுத்த படியான வெண்கலச் சின்னம் வாங்கியவரைத்தான் பாதுகாப்பாக நீந்தத் தெரிந்தவர் என்று ஏற்கிறது. அதற்கு 15 நிமிடம் நிற்காமல் நீந்தி, குறைந்தது 200 மீட்டர் கடக்க வேண்டும், சுமார் இரண்டு மீட்டர் ஆழத்தில் மூழ்கிப் பொருளை எடுக்க வேண்டும். இந்தச் சங்கம் பிறந்த கதையே ஒரு விபத்தில் தொடங்குகிறது. 1912 கோடையில் ரூகன் தீவின் பின்ஸ் ஊரில் படகுத்துறைப் பாலம் உடைந்து, நின்றிருந்தவர்கள் கடலில் விழுந்தார்கள். கரைக்கு அத்தனை பக்கத்தில் உயிர்கள் போன அதிர்ச்சியில் அடுத்த ஆண்டே சங்கம் தொடங்கப்பட்டது.

நீச்சல் வகுப்புக்கு இடம் கிடைப்பதுதான் கடினம். கோடையில் சேரலாம் என்று கோடையில் கேட்டால் சிரிப்பார்கள். குளிர்காலத்திலேயே நகராட்சிக் குளம், விளையாட்டுச் சங்கம், டிஎல்ஆர்ஜி கிளை மூன்றிலும் பெயர் கொடுத்து வையுங்கள். பெரியவர்களுக்கும் தனி வகுப்பு உண்டு. நம்மில் நிறையப் பேருக்கு நீந்தத் தெரியாது. பிள்ளையோடு தண்ணீரில் இறங்கப்போகிறவர் நீங்கள்தான் என்றால் நீங்களும் கற்றுக்கொள்வது நல்லது.

திறந்தவெளிக் குளத்தில் என்ன உடை? எங்களுக்கு நீச்சலுடை கூச்சமாக இருக்கிறது.

'ஃப்ரைபாட்' என்கிற திறந்தவெளிக் குளம் மே நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை திறந்திருக்கும். பருத்தி டி-ஷர்ட், பெர்முடா, உள்ளே ஜட்டி, இது மூன்றும் எடுபடாது. குளத்துக் காவலர் விசில் அடித்து வெளியே வரச்சொல்வார். நீச்சல் துணியில் தைத்த முழுக்கை மேலாடையும் கால்சட்டையும் பல குளங்களில் செல்லும், வாசல் பலகையில் எழுதியிருப்பார்கள். இறங்குமுன் குளியல் கட்டாயம். உங்கள் உடலை அங்கே யாரும் பார்ப்பதில்லை. இரண்டாவது முறை போகும்போது கூச்சம் தானே குறைந்துவிடும்.

ஒரு முழுநாளுக்கான இடம் அது. புல்வெளியில் போர்வை விரித்து, புத்தகம் படித்து, உருளைக்கிழங்கு வறுவல் தின்று, வெயில் சாய்ந்த பின் வீட்டுக்கு வருவார்கள். எலுமிச்சைச் சோறும் தயிர்சாதமும் எடுத்துப் போனால் பக்கத்துப் போர்வைக்காரர் விசாரிப்பார்.

ஏரிக்கரையில் சிலர் உடையே இல்லாமல் இருக்கிறார்களே?

இருப்பார்கள். 'எஃப்கேகே' என்று பலகை வைத்த பகுதி அவர்களுக்கானது. கிழக்கு ஜெர்மனியிலும் பால்டிக் கடற்கரையிலும் இது பழைய வழக்கம். மியூனிக் நகர நடுவில் இருக்கும் ஆங்கிலத் தோட்டத்திலேயே இதற்கென்று ஒதுக்கிய இடம் உண்டு. பெர்லின் பொதுக் குளங்களில் 2023 முதல் பெண்களும் மேலாடை இல்லாமல் நீந்தலாம். சின்னக் குழந்தைகள் உடையில்லாமல் தண்ணீரில் ஆடுவது பல இடங்களில் சகஜம்.

உங்களுக்கு ஒப்பவில்லை என்றால் இருபது அடி தள்ளிப் போர்வையை விரியுங்கள், அவ்வளவுதான். முறைத்துப் பார்ப்பதும், போனை அந்தப் பக்கம் தூக்குவதும் கூடாது. "அம்மா, அந்தத் தாத்தா ஏன் இப்படி?" என்று பிள்ளை உரக்கக் கேட்டால் பதறாதீர்கள், தமிழ் அவருக்குப் புரியாது. நீட்டிய விரல் மட்டும் நன்றாகவே புரியும்.

ரைன் ஆற்றங்கரையில் மணல் இருக்கிறது, ஆழமும் இல்லை. கால் நனைக்கலாமா?

வேண்டாம். சரக்குக் கப்பல் போகும்போது கரையோரத் தண்ணீரை உள்ளே இழுத்துவிட்டு, பிறகு அலையாகத் திருப்பி அனுப்பும். முழங்கால் ஆழத்தில் நிற்கும் பிள்ளையைச் சாய்க்க அது போதும். ட்யூஸல்டார்ஃப் நகரம் 2025-ல் ரைனில் குளிக்கத் தடையே போட்டுவிட்டது. இந்நாட்டில் ஆண்டுதோறும் நீரில் மூழ்குகிறவர்களில் பெரும்பாலானோர் உயிர்காப்பாளர் இல்லாத ஏரிகளிலும் ஆறுகளிலும்தான் போகிறார்கள். சிவப்பும் மஞ்சளுமான கொடி பறக்கும் கரைக்குப் போங்கள், அங்கே உயிர்காப்பாளர் இருக்கிறார் என்று பொருள்.

இரண்டு பேருக்கும் வேலை. பகலில் பிள்ளையை எங்கே விடுவது?

நகராட்சியின் இளைஞர் அலுவலகம் நடத்தும் விடுமுறைத் திட்டத்தைத் தேடுங்கள். ஓரிடத்தில் 'ஃபேரியன்பாஸ்' என்பார்கள், இன்னோரிடத்தில் 'ஃபேரியன்ஷ்பீலே'. தீயணைப்பு நிலையம் பார்ப்பது, காட்டில் குடிசை கட்டுவது, சர்க்கஸ் பழகுவது, மண்பாண்டம் செய்வது என்று வாரத்துக்கு ஒன்று இருக்கும். தனியார் முகாம்களைவிடக் கட்டணம் மிகக் குறைவு. வசந்தத்திலேயே ஏதோ ஒரு காலையில் பதிவு திறப்பார்கள், பேர் பெற்றவை உடனே நிரம்பிவிடும்.

விண்ணப்பத்தில் உணவுக் கட்டத்தை அவசரமாகத் தாண்டாதீர்கள். வெறும் 'சைவம்' என்று எழுதினால் இறைச்சியை மட்டும் விட்டுவிட்டு, கரடி வடிவ ரப்பர் மிட்டாயைக் கொடுத்துவிடுவார்கள். அதில் ஜெலட்டின் இருக்கும், பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுத்தது. "இறைச்சி, மீன், முட்டை, ஜெலட்டின் வேண்டாம்" என்று உங்களுக்கு எது பொருந்துமோ அதை விரித்து எழுதுங்கள். மாலையில் தீ மூட்டி, குச்சியில் மாவைச் சுற்றி வாட்டித் தின்னும் 'ஸ்டாக்ப்ரோட்' அநேகமாக எல்லா முகாமிலும் உண்டு. வெளியே கருகி உள்ளே வேகாமல் இருக்கும். பிள்ளைகளுக்கு அதைவிட ருசியானது உலகத்தில் இல்லை.

பால்கனி போதவில்லை. வாடகைத் தோட்டம் எடுக்கலாமா?

'க்ளைன்கார்ட்டன்' என்கிற சிறுதோட்டத்தைக் கேட்கிறீர்கள். கையில் மண் பட்ட ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இதைவிட நல்ல கோடைப் பொழுதுபோக்கு எனக்குத் தெரியவில்லை. ஆனால் இதற்கென்று தனிச் சட்டமே இருக்கிறது. 1983-லிருந்து நடப்பில் உள்ள அதன்படி ஒரு தோட்டம் 400 சதுர மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. உள்ளே கட்டும் சிறுவீடு, முன்தாழ்வாரத்தையும் சேர்த்து, 24 சதுர மீட்டருக்குள். நிரந்தரமாகக் குடியிருக்க முடியாது. நிலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்காவது காய், கனி விளைய வேண்டும், முழுக்கப் புல் போட்டு ஊஞ்சல் கட்டினால் தோட்டச் சங்கத்திலிருந்து கடிதம் வரும். வேலி உயரத்துக்கு விதி, பொதுவேலைக்கு ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்கு. பெரிய நகரங்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருப்புப் பட்டியல். சிறிய ஊர்களில் சில சமயம் அந்த வசந்தத்திலேயே கிடைத்துவிடும்.

என்ன வரும்? தக்காளி, பீன்ஸ், கொத்தமல்லி, முள்ளங்கி வரும். மிளகாய்க்கு மார்ச்சிலேயே ஜன்னலோரம் நாற்று விட வேண்டும். வெண்டைக்குச் சூடு போதாது, கண்ணாடிக்கூடு வேண்டும். மே 11 முதல் 15 வரையான நாட்களை இங்கே 'ஐஸ்ஹைலிகே', பனிப் புனிதர்கள், என்பார்கள். அதுவரை இரவில் உறைபனி விழலாம் என்பது தோட்டக்காரர்களின் பழைய கணக்கு. ஏப்ரலில் இரண்டு நாள் வெயிலைப் பார்த்து நாற்றை வெளியே வைக்காதீர்கள். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வேலிமேல் கை வைத்து இதையே சொல்வார். அவரை விட்டுவிடாதீர்கள், அந்த மண்ணைப் பற்றி அவருக்குத் தெரியாதது இருக்காது. ஜூலையில் அவர் கொண்டுவந்து தரும் சுக்கினியை மறுக்கவும் முடியாது, தின்று தீர்க்கவும் முடியாது. கூட்டு செய்யலாம்.

விருந்தினர் வந்தால் தோட்டத்திலோ பூங்காவிலோ கூடிப் பேசலாமா? சத்தம் பிரச்சினையா?

இரவு 10 மணிக்கு மேல் அமைதி. குடியிருப்புப் பகுதியில் ஞாயிறன்று புல்வெட்டும் இயந்திரம் ஓடக் கூடாது. பூங்காவில் தீ மூட்டிச் சுட ஒதுக்கிய இடம் தனி, காட்டுக்குள்ளும் அதை ஒட்டியும் நெருப்பு கூடாது. பால்கனியில் கரி அடுப்பு வைக்குமுன் வாடகை ஒப்பந்தத்தைப் படியுங்கள். மற்றபடி, பெரிய கூட்டம் என்றால் இரண்டு நாள் முன்பே கீழ்வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அன்றைக்கு ஒரு தட்டு பஜ்ஜியும் கொடுத்துப் பாருங்கள்.

செலவு அதிகமில்லாமல் எங்கே சுற்றலாம்?

'டாய்ச்லாண்ட் டிக்கெட்' இருந்தால் நாடெங்கும் உள்ளூர் ரயில், பஸ், டிராம் எல்லாவற்றிலும் போகலாம். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கி, 2026 ஜனவரி முதல் மாதத்துக்கு 63 யூரோ. அதிவேக ரயில்களில் செல்லாது. ஆறு வயதுக்குக் கீழே இலவசம், அதற்கு மேல் பிள்ளைக்கும் டிக்கெட் வேண்டும்.

தங்குவதற்கு இளைஞர் விடுதிகள். 1909-ல் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஆசிரியர் மாணவர்களோடு நடைப்பயணம் போய், புயலில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரவு ஒதுங்கியபோது தோன்றிய யோசனை, இன்று உலகெங்கும் இருக்கிறது. குடும்பங்களுக்கும் அறை உண்டு, உறுப்பினர் அட்டை எடுக்க வேண்டும். காலை உணவு தருவார்கள், மெத்தை விரிப்பை நீங்களே போட வேண்டும். சில விடுதிகள் பழைய கோட்டைக்குள் இருக்கின்றன.

ஒரே ஓர் இடம் சொல்லச் சொன்னால் வட கடலைச் சொல்வேன். நாளுக்கு இரண்டு முறை தண்ணீர் பின்வாங்கி, கண்ணுக்கெட்டிய தூரம் சேற்றுத் தரை தெரியும். 2009 முதல் அது யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். வெறுங்காலோடு இறங்கினால் விரல்களுக்கு நடுவே சேறு பிதுங்கும். புழுக்கள் தள்ளிய சேறு எங்கு பார்த்தாலும் சின்னச் சின்ன இடியாப்பமாகச் சுருண்டு கிடக்கும். குக்ஸ்ஹாஃபனிலிருந்து நோய்வெர்க் தீவுக்கு அந்தத் தரைமேலேயே நடக்கலாம், பத்துக் கிலோமீட்டருக்கு மேல். சிறு பிள்ளைகள் இருந்தால் கரையோரம் சுற்றும் சிறு நடை போதும். எதுவானாலும் வழிகாட்டி இல்லாமல் இறங்காதீர்கள். தண்ணீர் திரும்பும்போது முதலில் உங்களுக்குப் பின்னால் இருக்கும் ஓடைகள்தான் நிறையும்.

நாங்கள் பார்க்காத வெயிலா?

2019 ஜூலை 25 அன்று ரைன் பகுதியில் 41.2 டிகிரி வந்தது. நம் ஊரில் மின்விசிறி இருக்கிறது, இங்கே கூரையில் கொக்கியே இல்லை. வீடுகள் சூட்டை உள்ளே பிடித்து வைக்கக் கட்டப்பட்டவை. காலை எட்டு மணிக்குள் ஜன்னலையும் வெளித்திரையையும் மூடி, இரவில் எல்லாவற்றையும் திறக்க வேண்டும். மேசை விசிறியை ஏப்ரலில் வாங்கிவிடுங்கள், முதல் வெப்ப அலையில் கடையில் ஒன்றும் இருக்காது.

உண்ணி, குளவி?

புல்லில் விளையாடிவிட்டு வந்தால் அன்றிரவே அக்குள், முழங்கால் மடிப்பு, தலைமுடி ஓரம் பாருங்கள். உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு, தெற்கு மாநிலங்களில் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். லைம் நோய்க்குத் தடுப்பூசி இல்லை, அதனால்தான் இந்தத் தேடல். குளவியை அடிக்காதீர்கள், வாயால் ஊதாதீர்கள். ஆகஸ்டில் ஜூஸ் டம்ளரை மூடி வையுங்கள்.

நம் ஊர் மாதிரி ஏதாவது?

ஹாம் நகரின் காமாட்சி அம்பாள் கோயில். ஈழத்திலிருந்து வந்த தமிழர்கள் எழுப்பியது, இப்போதைய கோபுரத்தோடு 2002-ல் குடமுழுக்கு நடந்தது. தேர்த்திருவிழா கோடைத் தொடக்கத்தில் வரும், தீர்த்தவாரி பக்கத்துக் கால்வாயில். சீக்கிரம் கிளம்புங்கள், கார் நிறுத்த இடம் கிடைக்காது.

பிள்ளையின் நண்பர்கள் எல்லோரும் ஊரில் இல்லை. "போரடிக்குது" என்று உயிரை எடுக்கிறான்.

தினமும் எங்காவது கூட்டிப்போக வேண்டியதில்லை. பல நூலகங்களில் கோடை வாசிப்பு மன்றம் நடக்கும், படித்த புத்தகங்களுக்கு முத்திரை தருவார்கள். காலி பாட்டிலைக் கடை இயந்திரத்தில் போட்டால் பாட்டிலைப் பொறுத்து ஒன்றுக்கு 8 முதல் 25 சென்ட் வரை வரும், அந்தக் காசு பிள்ளைக்கு என்று சொல்லிவிடுங்கள், வீடு சுத்தமாகும். ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் நீங்களே பறித்து எடை போட்டு வாங்கலாம், பறிக்கும்போது வாயில் போவதற்குக் கணக்கில்லை. ஐஸ்கிரீம் கடையில் 'ஷ்பகெட்டி ஐஸ்' கேளுங்கள். வனிலாவைப் பிழிந்து நூலாக்கி மேலே ஸ்ட்ராபெரிச் சாறு ஊற்றுவார்கள், 1969-ல் மான்ஹைம் நகரில் தாரியோ ஃபொன்தனெல்லா என்பவர் கண்டுபிடித்தது.

நண்பர்களை வரவழைக்க, "ஒருநாள் வாருங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் இங்கே யாரும் வரமாட்டார்கள். விடுமுறைக்கு முன்பே அந்தப் பெற்றோரிடம் அவர்கள் ஊரில் இருக்கும் வாரத்தைக் கேட்டு, நாளும் நேரமும் குறித்துவிடுங்கள். உங்கள் பிள்ளைக்கு அழைப்பு வந்தால் எத்தனை மணிக்குத் திரும்ப அழைத்துப்போக வேண்டும் என்பதையும் கேளுங்கள். ஆறு மணி என்றால் ஆறு மணிதான். ஐந்தே முக்காலுக்கே உங்கள் பிள்ளைக்குச் ஷூ மாட்டி வாசலில் நிறுத்தியிருப்பார்கள்.